குடிநீரில் காரீயம்: ஸ்ரீரங்கத்துப் படித்துறையிலிருந்து அடுக்களைக் குழாய் வரை

குடிநீரில் காரீயம் கலத்தல் என்பது, மூலத்தில் தூய்மையாக இருந்த நீர், வீட்டுக்கு வந்து சேரும் வழியில் குழாய், மூட்டு, டேப், பாத்திரம் ஆகியவற்றிலிருந்து காரீய உலோகத்தைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொள்வதைக் குறிக்கும். இவ்வாறு கலந்த காரீயத்துக்கு நிறமில்லை, மணமில்லை, குடிப்பவர் உணரும் சுவையும் இல்லை. நீரைக் கொதிக்க வைத்தாலும் அது போகாது. கிருமி கலந்த நீரைக் குடித்தால் சில நாட்களில் வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ காட்டிக்கொடுத்துவிடும். காரீயம் அப்படிக் காட்டிக்கொடுப்பதில்லை. அதன் பாதிப்பு ஆண்டுக்கணக்கில் சேர்ந்து, பெரும்பாலும் குழந்தையின் படிப்பிலும் கவனத்திலும்தான் வெளிப்படும்.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே தீவாக அமைந்த ஸ்ரீரங்கத்தில் நீருக்குக் குறைவிருந்ததில்லை. ஆனால் அந்த நீர் மக்களின் வாய்க்கு வந்து சேரும் வழி கடந்த நூறு ஆண்டுகளில் பலமுறை மாறியிருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் நீர் ஒரு புதிய பொருளைத் தொட்டுக்கொண்டு வந்தது. காரீயத்தின் வரலாற்றை அறிய, ஆற்றைவிட அந்த வழியைத்தான் கவனிக்க வேண்டும்.

இரண்டு உலோகம், ஒரே பெயர்

தமிழில் 'ஈயம்' என்ற சொல் இரண்டு தனிமங்களைக் குறிக்கிறது. ஒன்று வெள்ளீயம், மற்றொன்று காரீயம். இரண்டும் மென்மையானவை, எளிதில் உருகக்கூடியவை. இவற்றைத் தவிர இவை வேறு வேறானவை. வெள்ளீயம் 232 பாகை செல்சியசில் உருகும், காரீயம் 327 பாகையில் உருகும். ஒரே அளவுள்ள கட்டிகளை எடுத்துக்கொண்டால், காரீயக் கட்டி வெள்ளீயக் கட்டியைப்போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு எடையிருக்கும். வெள்ளீயம் உணவுப் பாத்திரங்களுக்கு ஏற்றது. காரீயம் நஞ்சு.

மாணவர்கள் இன்னொரு குழப்பத்தையும் தவிர்க்க வேண்டும். பென்சிலின் உள்ளே இருப்பது காரீயம் அன்று, அது கிராஃபைட் என்னும் கரி. பழங்காலத்தில் அதைக் காரீயத் தாது என்று தவறாக எண்ணியதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

இவ்விரு ஈயங்களும் தமிழகத்துக்குப் புதியவை அல்ல. கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய 'பெரிப்ளூஸ்' என்னும் கடல்வழிக் குறிப்பு, மேலைக் கப்பல்கள் முசிறி போன்ற துறைமுகங்களுக்குக் கொண்டுவந்த பொருள்களில் செம்பு, வெள்ளீயம், காரீயம் ஆகியவற்றைச் சேர்த்துச் சொல்கிறது. இன்று திருச்சிராப்பள்ளி மாநகரின் ஒரு பகுதியாக உள்ள உறையூர் அப்போது சோழர் தலைநகரமாக விளங்கியது. சாதவாகன மன்னர்கள் காரீயத்தில் நாணயமே அச்சிட்டனர். உலோகம் நெடுங்காலமாக வழக்கில் இருந்தும், இரண்டுக்கும் ஒரே பெயர் நிலைத்துவிட்டது. அந்தப் பெயர் ஒற்றுமை இன்றும் அடுக்களையில் ஓர் ஆபத்தாகத் தொடர்கிறது.

ஆறு, கிணறு, குடம்

குழாய் வருவதற்கு முன் ஸ்ரீரங்கத்து வீடுகளின் நீர் மூலங்கள் இரண்டு: ஆற்றுப் படித்துறையும் கொல்லைக் கிணறும். காவிரியின் அம்மா மண்டபம் படித்துறையிலும் வடக்கே கொள்ளிடக் கரையிலும் மக்கள் குளித்து, குடத்தில் நீர் எடுத்து வந்தனர். அரங்கநாதசுவாமி கோயிலின் திருமஞ்சனத்துக்கு ஆண்டின் பெரும்பகுதியில் கொள்ளிடத்திலிருந்து வெள்ளிக்குடத்திலும், ஐப்பசி மாதத்தில் காவிரியிலிருந்து பொற்குடத்தில் யானை மீதும் நீர் கொண்டுவரும் வழக்கம் உண்டு. பெருமாளுக்கான தளிகை நாள்தோறும் புதிய மண்பானையில் சமைக்கப்படுகிறது.

மெருகிடாத மண்பானையும் மண்குடமும் காரீயத்தைப் பொறுத்தவரை பாதுகாப்பானவை. பளபளப்பான கண்ணாடி மெருகு பூசிய பீங்கான் கலங்களில்தான் காரீயச் சேர்மங்கள் பயன்பட்டு வந்தன. நம் குயவர் சூளையில் சுட்டெடுத்த பானையில் அத்தகைய மெருகு இல்லை.

இதை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்த ஒருவர் உரோமைக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ். உரோமை நகரங்களில் காரீயக் குழாய்கள் வழியே நீர் ஓடியது. காரீயத்தை உருக்கும் தொழிலாளர்களின் முகம் வெளிறிப் போவதைக் கண்ட அவர், காரீயக் குழாயைவிடச் சுட்ட மண் குழாயில் வரும் நீரே உடலுக்கு நல்லது என்று எழுதினார். காரீயத்தின் இலத்தீன் பெயர் 'பிளம்பம்'. அதிலிருந்தே 'பிளம்பர்' என்ற தொழிற்பெயர் பிறந்தது. இன்று நம் தெருக்களில் குழாய் வேலைக்கு அழைக்கப்படும் பிளம்பரின் பெயருக்குள் அந்தப் பழைய நஞ்சு ஒளிந்திருக்கிறது.

பித்தளையும் ஈயப் பூச்சும்

மண்ணுக்கு அடுத்த நிலையில் செம்பும் பித்தளையும் வந்தன. தவலை, அண்டா, குடம், சொம்பு என்று பித்தளைப் பாத்திரங்கள் சீர்வரிசையில் பெருமைக்குரிய இடம் பெற்றன. புளி, மோர் போன்ற புளிப்புப் பொருள்கள் பித்தளையில் பட்டால் களிம்பு ஏறும். அதனால் உட்புறத்தில் ஈயம் பூசும் வழக்கம் வந்தது. ஈயம் பூசுபவர் தெருமுனையில் துருத்தி வைத்து, பாத்திரத்தைச் சூடேற்றி, நவச்சாரம் தூவி, உருகும் ஈயத்தைத் துணியால் ஒரே சீராகத் தேய்த்துவிடுவார். கறுத்துப்போன பாத்திரம் கண்ணெதிரே வெள்ளியாக மாறும்.

பூச வேண்டியது வெள்ளீயம். ஆனால் வெள்ளீயத்தின் விலை காரீயத்தைப்போலப் பல மடங்கு. காரீயத்தைக் கலந்தால் செலவு குறையும், தோற்றத்தில் எளிதில் வேறுபாடு தெரியாது. உலோகங்களை ஒட்டப் பயன்படும் பற்றாசிலும் இரண்டும் கலந்தே இருந்தன. ஓட்டை விழுந்த குடத்தைப் பற்றவைக்கும்போது அந்தக் கலவையும் குடிநீரைத் தொட்டது.

ஈயச் சொம்பின் நிலையும் இதுவே. காவிரிக்கரை ஊர்களின் அடுக்களைகளில் ரசத்துக்கென்றே வைத்திருக்கும் இந்தச் சொம்பு முழுவதும் வெள்ளீயத்தால் வார்க்கப்படுவது. உள்ளே ரசம் இருக்கும்வரை உலோகத்தின் வெப்பம் 100 பாகையை ஒட்டியே நிற்கும், ஆகவே சொம்பு உருகாது. வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் நொடியில் உருகிவிடும் என்பது எல்லா வீடுகளிலும் தெரிந்த பாடம். தூய வெள்ளீயச் சொம்பால் கேடில்லை. காரீயம் கலந்த சொம்பில் புளிக்கரைசல் கொதித்தால், அந்தப் புளிப்பே காரீயத்தைக் கரைத்து எடுத்துவிடும். சொம்பு வாங்குபவர் 'ஈயம்தானே?' என்று கேட்டால் போதாது, 'வெள்ளீயம்தானே?' என்று கேட்க வேண்டும்.

தெருக்குழாய்க் காலம்

திருச்சிராப்பள்ளி நகராட்சி 1866 இல் அமைந்தது. ஸ்ரீரங்கம் நெடுங்காலம் தனி நகராட்சியாக இயங்கி, 1994 இல் பொன்மலையுடன் சேர்ந்து திருச்சிராப்பள்ளி மாநகராட்சியில் இணைந்தது. கம்பரசம்பேட்டை உள்ளிட்ட இடங்களில், காவிரி, கொள்ளிடம் ஆற்றுப் படுகைகளில் அமைந்த கிணறுகளில் மணல் வழியே வடிந்து சேரும் நீரே இப்பகுதிக்குக் குடிநீராக வழங்கப்படுகிறது. ஆற்றுமணல் இயற்கையான வடிகட்டி. ஆற்று நீரில் பொதுவாகக் காரீயம் மிகக் குறைவு. உலகெங்கும் குடிநீரில் காணப்படும் காரீயத்தின் பெரும்பகுதி, நீர் வழங்கும் குழாய்களிலிருந்தும் வீட்டுப் பொருத்துகளிலிருந்துமே வருகிறது.

இங்கிலாந்து, அமெரிக்க நகரங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வீட்டு இணைப்புக்குக் காரீயக் குழாய்களையே பதித்தனர். அவை எளிதில் வளையும், வெடிக்காது, நீண்ட காலம் உழைக்கும். இந்திய நகரங்களில் தெருவுக்கு வார்ப்பிரும்புக் குழாயும், வீட்டுக்குத் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயும் (ஜி.ஐ. பைப்பு) பரவலாயின. இதனால் மேலை நாடுகளின் மிகப் பெரிய ஆபத்திலிருந்து நம் ஊர்கள் பெருமளவு தப்பின.

ஆனால் முழுவதும் தப்பவில்லை. வார்ப்பிரும்புக் குழாய்களை ஒன்றோடொன்று பொருத்தும்போது, மூட்டில் சணல் திணித்து, அதன்மேல் காரீயத்தை உருக்கி ஊற்றி, உளியால் இறுக்கினர். இந்த மூட்டுக் காரீயத்துக்கென்றே இந்தியத் தர நிர்ணயம் ஒன்று உண்டு. மூட்டில் நீர் தொடும் பரப்பு சிறிது, அதனால் ஆபத்தும் குறைவு. ஜி.ஐ. குழாய்களின் மரைகளில் சணலோடு 'ஒயிட் லெட்' என்ற காரீயப் பசையைத் தடவுவது பிளம்பர்களின் வழக்கமாக இருந்தது. பின்னர் டெஃப்லான் நாடா அந்த இடத்தைப் பிடித்தது. குழாயின் துத்தநாகப் பூச்சிலும் காரீயம் சிறிதளவு கலந்திருப்பது உண்டு.

குழாய் எட்டாத தெருக்களில் அடிபம்பு வந்தது. 1970களில் யுனிசெஃப் துணையுடன் இந்தியாவில் உருவான 'இந்தியா மார்க் 2' அடிபம்பு பல நாடுகளுக்குச் சென்று கோடிக்கணக்கான மக்களுக்குப் பாதுகாப்பான நிலத்தடி நீரைத் தந்தது. அண்மை ஆண்டுகளில் கானா, மாலி, நைஜர் நாடுகளில் குடிநீர் அமைப்புகளை ஆராய்ந்தவர்கள், சில இடங்களில் நீரில் காரீயம் இருப்பதையும், அது பித்தளை உதிரிப் பாகங்களிலிருந்து வருவதையும் கண்டனர். பம்பில் பிழையில்லை, பாகம் செய்த உலோகத்தில்தான் பிழை. காரீயம் குறைந்த பித்தளையிலோ எவர்சில்வரிலோ அப்பாகத்தைச் செய்தால் சிக்கல் தீரும்.

பிளாஸ்டிக் குழாய் கொண்டுவந்த கேள்வி

துருப்பிடித்த இரும்புக் குழாய்க்கு மாற்றாக பிவிசி குழாய் வந்தபோது மக்கள் மகிழ்ந்தனர். விலை குறைவு, எடை குறைவு, துருவும் இல்லை. காவிரி அணைகட்டப்பட்ட மேட்டூரிலேயே 1960களில் பிவிசி உற்பத்தி தொடங்கியது. கிணற்று மோட்டாரிலிருந்து மொட்டைமாடித் தொட்டிக்கு, தொட்டியிலிருந்து அடுக்களைக்கு என்று வெண்மையும் சாம்பல் நிறமுமான குழாய்கள் வீட்டுச் சுவரெங்கும் படர்ந்தன.

பிளாஸ்டிக்கில் உலோகம் எப்படி வரும் என்ற ஐயம் எழலாம். பிவிசியை உருக்கிக் குழாயாக்கும் வெப்பத்தில் அது சிதைந்து அமிலத்தை வெளிவிடும். அதைத் தடுக்க ஒரு நிலைநிறுத்தியைச் சேர்க்க வேண்டும். பல ஆண்டுகள் இந்தியாவில் மலிவான காரீயச் சேர்மங்களே நிலைநிறுத்தியாகச் சேர்க்கப்பட்டன. புதுக் குழாயின் உட்பரப்பிலிருந்து தொடக்கத்தில் காரீயம் அதிகம் கரையும், பின்னர் படிப்படியாகக் குறையும். கால்சியம், துத்தநாகம் கலந்த மாற்று நிலைநிறுத்திகள் ஏற்கெனவே பிற நாடுகளில் வழக்கில் இருந்தன.

இது குறித்து தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்கு நடந்தது. அதன் தொடர்ச்சியாக, பிவிசி குழாய்களிலும் பொருத்துகளிலும் காரீய நிலைநிறுத்தியைக் கட்டுப்படுத்தும் விதிகளை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2021 இல் வெளியிட்டது. எனவே இன்று புதிதாக வாங்கும் தரமான குழாய்களில் 'காரீயம் அற்றது' என்ற பொருள்படும் குறிப்பைக் காணலாம். சுவருக்குள் ஏற்கெனவே பதிந்துவிட்ட பழைய குழாய்களை விதி மாற்றிவிடாது. மொட்டைமாடியில் இருக்கும் கறுப்புத் தொட்டியைப் பற்றி இந்த அச்சம் வேண்டியதில்லை. அது பாலிஎத்திலீனால் ஆனது, அதற்குக் காரீய நிலைநிறுத்தி தேவையில்லை.

ஈயத்தைப் பார்த்து இளித்த பித்தளை

'ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை' என்பது தமிழ்ப் பழமொழி. தன் குறை அறியாமல் பிறரைப் பழிப்பவரைச் சுட்டுவது அது. வேதியியலில் பழமொழி அப்படியே பொருந்துகிறது. செம்பும் துத்தநாகமும் சேர்ந்ததே பித்தளை என்று பாடநூல் சொல்லும். ஆனால் டேப், வால்வு போன்றவற்றைக் கடைசலில் எளிதாகச் சீவுவதற்காக அதில் 3 விழுக்காடு வரை காரீயமும் சேர்ப்பது தொழில் வழக்கம். காரீயம் பித்தளையோடு முழுமையாகக் கலப்பதில்லை, நுண்ணிய துகள்களாக இடையிடையே தங்கிவிடும். கடையும்போது அது மேற்பரப்பில் பூசிக்கொள்ளும். மேலே பளபளக்கும் குரோமியம் வெளிப்புறத்துக்கு மட்டுமே, நீர் ஓடும் உட்புறம் பித்தளைதான்.

இரவு முழுவதும் மூடிய டேப்புக்குள் நிற்கும் நீர், காலையில் முதல் டம்ளரில் அந்தக் காரீயத்தைச் சுமந்து வரும். அரை அங்குலக் குழாயில் 10 மீட்டர் நீளத்துக்குள் நிற்கும் நீர் 2 லிட்டருக்கும் குறைவே. ஆக, ஒரு சிறு வாளி நீரை வெளியேற்றினாலே டேப்பிலும் அதை ஒட்டிய குழாயிலும் இரவெல்லாம் நின்ற நீர் போய்விடும்.

அமெரிக்காவில் 1986 முதல் குடிநீர்ப் பொருத்துகள் 'காரீயம் அற்றவையாக' இருக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது. ஆனால் அந்தச் சட்டமே 8 விழுக்காடு வரை காரீயத்தை அனுமதித்தது. 2014 இல்தான் அது 0.25 விழுக்காடாகக் குறைந்தது. பெட்டியில் அச்சிட்ட சொல்லுக்கும் உள்ளே இருக்கும் உலோகத்துக்கும் இடைவெளி இருக்கலாம் என்பதற்கு இது சான்று.

நீர் மாறினால் குழாயும் பேசும்

காரீயம் எவ்வளவு கரையும் என்பதை நீரின் தன்மை தீர்மானிக்கிறது. அமிலத்தன்மை கொண்ட மென்னீர் காரீயத்தை எளிதில் கரைக்கும். காரத்தன்மையுள்ள கடின நீர் குழாயின் உட்புறத்தில் கார்பனேட் படலத்தை உண்டாக்கும். வாளியிலும் வெந்நீர்ப் பாத்திரத்திலும் படியும் வெள்ளை உப்பைப் பழிப்பவர்கள் பலர், குழாய்க்குள் அதே உப்பு ஓரளவு காவலாகவும் நிற்கிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்கு 1859 முதல் கேட்ரின் ஏரியின் மிகத் தூய மென்னீர் வந்தது. நீர் தூயது, குழாயோ காரீயம். விளைவு, பல தலைமுறைகள் காரீயத்தைக் குடித்தன. பின்னாளில் நீரில் சுண்ணாம்பும் பாஸ்பேட்டும் சேர்த்துத்தான் அதைக் கட்டுப்படுத்தினர்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஃபிளின்ட் நகரம் இன்னும் கடுமையான பாடம். செலவைக் குறைக்க 2014 ஏப்ரலில் அந்நகரம் தன் நீர் மூலத்தை ஃபிளின்ட் ஆற்றுக்கு மாற்றியது. அரிப்பைத் தடுக்கும் மருந்து சேர்க்கப்படவில்லை. பழைய காரீயக் குழாய்களின் உட்படலம் பெயர்ந்தது. நீரின் நிறமும் நாற்றமும் பற்றி மக்கள் முறையிட்டபோது, நீர் பாதுகாப்பானது என்றே அதிகாரிகள் பதில் கூறினர். குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா தம் மருத்துவமனையில் இருந்த இரத்தப் பரிசோதனைப் பதிவுகளை, மாற்றத்துக்கு முன், பின் என ஒப்பிட்டு, காரீயம் மிகுந்த குழந்தைகளின் விகிதம் உயர்ந்ததை 2015 செப்டம்பரில் வெளியிட்டார். அடுத்த மாதமே நகரம் பழைய நீர் மூலத்துக்குத் திரும்பியது. ஆற்றையும் ஏரியையும் மாற்றுவது எந்த ஊரிலும் நிகழக்கூடியது. அப்போது குழாயையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதே ஃபிளின்ட் கற்பித்தது.

உடலில் நிகழ்வது என்ன?

உடல் காரீயத்தைக் கால்சியம் என்று தவறாக எண்ணி ஏற்றுக்கொள்கிறது. இரத்தத்தில் அது ஏறத்தாழ ஒரு மாதத்தில் பாதியாகக் குறையும். ஆனால் எலும்பிலும் பல்லிலும் சேர்ந்தது பல பத்தாண்டுகள் தங்கும். கருவுற்ற பெண்ணின் எலும்பிலிருந்து கால்சியம் கரையும்போது பழைய காரீயமும் சேர்ந்து வெளியேறிக் கருவை அடையும். விழுங்கிய காரீயத்தில் பெரியவர்களைப்போல 4 முதல் 5 மடங்கு வரை சிறு குழந்தைகளின் உடல் உறிஞ்சிக்கொள்கிறது. இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த குழந்தைக்கு இது இன்னும் அதிகம். பெரியவர்களில் இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு ஆகியவற்றுக்கும், எல்லா வயதினருக்கும் இரத்தசோகைக்கும் காரீயம் காரணமாகலாம். காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார அமைப்பு.

மூளைக்கு நேரும் பாதிப்பை முதலில் தெளிவாகக் காட்டிய ஆய்வுகளில் ஒன்று வகுப்பறையில் நடந்தது. அமெரிக்க மருத்துவர் ஹெர்பர்ட் நீடில்மன், தொடக்கப் பள்ளிக் குழந்தைகளின் விழுந்த பால்பற்களைச் சேகரித்து அவற்றில் காரீயத்தை அளந்தார். அக்குழந்தைகளின் கவனம், ஒழுங்கு, சொன்னதைச் செய்யும் திறன் ஆகியவற்றை ஆசிரியர்களிடம் மதிப்பிடச் சொன்னார். 1979 இல் வெளியான முடிவு: பல்லில் காரீயம் மிகுந்த குழந்தைகளின் நுண்ணறிவு மதிப்பெண் குறைவாகவும், ஆசிரியர்கள் கூறிய கவனச்சிதறல் அதிகமாகவும் இருந்தன. எந்தக் குழந்தைக்கும் நோய்க்குறி ஒன்றும் வெளியே தெரியவில்லை.

தமிழ்நாட்டிலும் இதுபோன்ற ஆய்வு நடந்திருக்கிறது. சென்னையில் 3 முதல் 7 வயது வரையிலான 756 குழந்தைகளை ஆராய்ந்து 2009 இல் வெளியான கட்டுரை, அவர்கள் இரத்தத்தில் சராசரியாக ஒரு டெசிலிட்டருக்கு 11 மைக்ரோகிராம் அளவில் காரீயம் இருந்ததையும், அளவு கூடக்கூட ஆசிரியர்கள் குறித்த கவனக்குறைவு கூடியதையும் காட்டியது. அந்தக் காரீயம் நீரிலிருந்து மட்டும் வந்ததன்று, காற்று, தூசி, வண்ணப்பூச்சு, உணவு என்று பல வழிகளில் வந்து சேர்ந்தது. 'இந்தப் பையனுக்கு மண்டையில் ஏறவே மாட்டேன் என்கிறது' என்று பள்ளியிலும் வீட்டிலும் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்தப் பையனின் மேல் பழி போடும் முன், அவன் உடலில் எது ஏறியிருக்கிறது என்று கேட்பதே அறிவுடைமை.

ஒவ்வொன்றாக மூடிய கதவுகள்

இந்தியாவில் காரீயத்தின் வழிகள் ஒன்றன்பின் ஒன்றாக அடைக்கப்பட்டு வந்துள்ளன. பெட்ரோலில் கலந்த காரீயம் 1994 முதல் படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் காரீயமற்ற பெட்ரோலே விற்கப்பட்டது. வீட்டு வண்ணப்பூச்சில் காரீயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் துப்பில் வெங்கடேஷ் போன்றோர் நகரக் குழந்தைகளின் இரத்தத்தைப் பரிசோதித்துத் தொடர்ந்து குரல் கொடுத்தது இம்மாற்றங்களுக்கு வலுச் சேர்த்தது.

குடிநீருக்கான அளவும் இறங்கியது. உலக சுகாதார அமைப்பு 1984 இல் லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்று வைத்த வரம்பை 1993 இல் 10 ஆகக் குறைத்தது. இந்தியத் தர நிர்ணயத்தில் 1991 இல் 50 ஆக இருந்தது, 2012 பதிப்பில் 10 ஆயிற்று. 10 மைக்ரோகிராம் என்பது எவ்வளவு சிறியது என்பதை ஒரு கணக்கு விளக்கும். ஒரு பவுன் என்பது 8 கிராம். அதில் எட்டில் ஒரு பங்கான 1 கிராம் காரீயம், 1000 லிட்டர் மொட்டைமாடித் தொட்டிகள் நூறை இந்த வரம்புக்குக் கொண்டுவரப் போதும்.

கதவுகள் பல அடைபட்டும் சிக்கல் தீரவில்லை. யுனிசெஃப் 2020 இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் 80 கோடிக் குழந்தைகளின் இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ காரீயம் இருப்பதாக மதிப்பிட்டது. அவர்களில் 27 கோடிக்கும் மேற்பட்டோர் இந்தியக் குழந்தைகள். பெட்ரோலையும் பெயின்டையும் அரசு ஒரே ஆணையில் மாற்ற முடிந்தது. ஒவ்வொரு வீட்டின் டேப்பையும் பாத்திரத்தையும் அவ்வாறு மாற்ற முடியாது.

வீட்டில் செய்யத்தக்கவை

1. காலையில் குழாயில் வரும் முதல் வாளி நீரைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்க வேண்டாம். வாசல் தெளிக்கவும் செடிக்கு ஊற்றவும் அதைப் பயன்படுத்தினால் ஒரு சொட்டும் வீணாகாது. விடியலில் முதல் வேலையாக வாசல் தெளித்துக் கோலமிடும் ஸ்ரீரங்கத்து வீடுகளுக்கு இது எளிய பழக்கம்.

2. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், காரீயம் போகாது. நீர் ஆவியாகக் குறையும்போது எஞ்சிய நீரில் காரீயத்தின் செறிவு சற்றுக் கூடவே செய்யும்.

3. வெந்நீர்க் குழாயில் வரும் நீரைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது. சூடான நீர் உலோகத்தை அதிகம் கரைக்கும்.

4. டி.டி.எஸ். கருவி காரீயத்தைக் காட்டாது. அது மொத்த உப்பை மட்டுமே அளக்கும். வரம்பு மீறிய காரீயம்கூட அந்தக் கருவியின் ஓர் இலக்கத்தை மாற்றாது. ஆய்வகத்தில் காரீயத்துக்கென்றே தனிச் சோதனை செய்ய வேண்டும்.

5. ஆர்.ஓ. கருவி காரீயத்தைப் பெருமளவு நீக்கும். ஆனால் அதிலிருந்து வரும் நீர் மென்னீர். அதைப் பித்தளைக் குடத்திலோ பழைய ஈயம் பூசிய பாத்திரத்திலோ நிரப்பி வைக்கக் கூடாது. எவர்சில்வரும் மெருகிடாத மண்பானையும் ஏற்றவை.

6. புதுக் குழாய் பதித்த வீட்டில் முதல் சில வாரங்கள் நீரைத் தாராளமாக ஓடவிட்டு, பிறகே குடிக்க எடுக்க வேண்டும். டேப் வாயில் உள்ள வலையைக் கழற்றி அவ்வப்போது கழுவ வேண்டும்.

7. குழந்தைகளுக்குக் கீரை, பயறு, கேழ்வரகு, பால் போன்ற இரும்பும் கால்சியமும் உள்ள உணவைக் கொடுத்தால், உடல் உறிஞ்சும் காரீயம் குறையும்.

நிறைவாக

கோயிலுக்குப் பொற்குடத்திலும் வெள்ளிக்குடத்திலும் நீர் கொண்டுவந்தபோதும், புதுப் பானையில் தளிகை செய்தபோதும், நீரைத் தாங்கும் கலம் எது என்பதில் இவ்வூர் கவனமாக இருந்தது. குழாய் வந்த பிறகு கலம் கண்ணுக்கு மறைந்தது. நீர் எந்த உலோகத்தைத் தொட்டு வருகிறது என்பதை யாரும் பார்க்க முடியாத இடத்துக்கு, சுவருக்குள்ளும் டேப்புக்குள்ளும் அது போய்விட்டது. காவிரி நீரை மணலும் கிணறும் வடிகட்டித் தருகின்றன, மாநகராட்சி வீட்டு வாசல் வரை கொண்டுவருகிறது. வாசலிலிருந்து குழந்தையின் டம்ளர் வரையுள்ள கடைசிச் சில மீட்டர் தூரம் வீட்டாரின் பொறுப்பில் இருக்கிறது. காரீயம் பெரும்பாலும் நீரில் சேர்வது அந்தத் தூரத்தில்தான்.